கசப்பை ஜெயித்த ஒரு வரி

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களான உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், காட்டுல மாட்டிக்கிட்டவங்க, வெள்ளத்துல தப்பிச்சவங்கன்னு இப்ப நெறைய நாவல் வருது. அதையெல்லாம் படிச்சா, ஒரு ஆபத்துன்னா என்ன செய்யணும்னு கத்துக்கலாம்ல?" என்று கேட்டாள். கதையும் ஆச்சு, பாடமும் ஆச்சு என்பது அவள் எண்ணம். நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்தின் அளவு, கருவிகளின் பெயர் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் நான் கொல்லிமலை மேல் ஒரு அரசு சுகாதார நிலையத்தில் இருந்தேன். அது ஐப்பசி மழை. இரண்டு நாளாக விடவில்லை. டாக்டர் ஒரு கூட்டத்துக்காகக் காலையிலேயே நாமக்கல் இறங்கிவிட்டார். நானும் இன்னொரு செவிலியரும் மட்டும் இருந்தோம். அன்னாசிப் பழம் ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று வாசல் வரைக்கும் வந்து நின்றது. முன்னால் இருந்து ஒரு பெண் குதித்து ஓடி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க. அஞ்சு பேருங்க. வாந்தியா எடுக்கறாங்க. ஒருத்தர் சரியாப் பேசவே மாட்டேங்கறாருங்க."

அவள் பெயர் பவித்ரா. ஈரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற ஐந்து பேரையும் வண்டியிலிருந்து இறக்கினோம். ஒரு கல்லூரி மாணவி, ஒரு இளம் தம்பதி, ராசிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ராஜசேகர் என்பவர், அவர்களுக்கெல்லாம் தலைவர் போல இருந்த ஓர் எழுத்தாளர்.

எனக்கு முதலில் தோன்றியது பூச்சி மருந்து. நம் பக்கத்தில் வாந்தியும் மயக்கமுமாக வந்தால் முதலில் அதைத்தான் நினைப்போம். கண்ணைப் பார்த்தேன், வாயை முகர்ந்தேன். அதற்கான குறி ஒன்றும் இல்லை. விரலில் மாட்டும் கருவியை ஒவ்வொருவருக்காக மாட்டினேன். ஐந்து பேருக்கும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. ஆனால் ராஜசேகர் மலையேறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாரிக்கவில்லை. சிவந்து கிடந்தது. கருவி சொல்வதும் ஆள் சொல்வதும் ஒட்டவில்லை.

"என்ன சாப்ட்டீங்க?" என்று எழுத்தாளரைக் கேட்டேன்.

"இயற்கையான சாப்பாடுதான் சிஸ்டர். வெறும் கிழங்குதான். தண்ணீர்லதான் ஏதோ கோளாறு இருக்கணும்" என்றார். சொல்லும்போதே ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

பவித்ராதான் சொன்னாள். "குச்சிக்கிழங்குங்க சிஸ்டர். பச்சையா அரைச்சு, எலையையும் கசக்கிப் போட்டு, சாறு புழிஞ்சு குடிச்சாங்க."

"எங்க புடுங்கினது?"

"நாங்க கூடாரம் போட்ட தோட்டத்துலங்க, பம்புசெட்டுக்குப் பின்னாடி. தோட்டக்காரர் புடுங்கிக்கச் சொன்னாரு. மில்லுக்குப் போற கெழங்குன்னு சொன்னாரு. நாங்க வேக வெச்சுத் திம்போம்னு அவரு நெனைச்சிருப்பாருங்க."

எனக்குச் சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. மரவள்ளியை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். வேக வைத்து உப்புப் போட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஜவ்வரிசி மில்லுக்கென்று போடும் கசப்பு ரகம் வேறு. அதன் தழையை மேய்ந்த ஆடு, கட்டுத்தறி வந்து சேர்வதற்குள் விழுந்துவிடும். அதில் இருக்கும் சயனைடு விஷம் ரத்தத்தில் ஆக்ஸிஜனை இருக்கவிட்டு, உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் செய்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அந்தக் கிழங்கைப் பச்சையாக வாயில் வைத்தால் கசப்பில் நாக்கு மடங்கிவிடும். ஒரு மடக்குக்கு மேல் யாரும் குடிக்க முடியாது. கட்டிலில் கிடந்த கல்லூரிப் பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஏன் கண்ணு, கசக்கலையா உனக்கு?"

"கசந்துச்சு சிஸ்டர். ரொம்பக் கசந்துச்சு. ஆனா சாரோட நாவல்ல வரும்ல..." என்றாள். ஓங்கரிப்புக்கு நடுவே சொன்னாள். "'கசப்பு என்பது பலத்தின் ருசி.' எல்லாரும் சேர்ந்து அதைச் சொல்லித்தான் குடிச்சோம்."

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் நான். குடிபோதையில் விஷம் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கோபத்தில் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தெரியாமல் குடித்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே குடித்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேண்டாம் என்று நாக்கு சொல்லியிருக்கிறது. அந்த வரி நாக்கை ஜெயித்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த எழுத்தாளர் ஒரு நாவல் எழுதியிருந்தார். பெருமழையில் பாதையெல்லாம் சரிந்து, ஒரு மலைமேல் அகப்பட்டுக்கொள்ளும் சிலர் எப்படி உயிர் பிழைக்கிறார்கள் என்பது கதை. நன்றாக விற்ற நாவல். அதைப் படித்தவர்கள், பிழைக்கும் வழியெல்லாம் இதில் இருக்கிறது என்று நம்பினார்கள். அவரும் மறுக்கவில்லை. நாவலை வாழ்ந்தே பார்த்துவிடலாம் என்று அவரும் வாசகர்கள் ஐந்து பேரும் கிளம்பி வந்து, வாழவந்தி நாடு என்ற மலைக் கிராமத்தில் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அரிசி, பருப்பு ஒன்றும் கொண்டுவரவில்லை. தீப்பெட்டிகூட இல்லை. முதல் நாள் முழுக்கப் பட்டினி. மறுநாள் காலையில் பசி தாங்காமல் பத்தாவது அத்தியாயத்தில் இருந்தபடி செய்திருக்கிறார்கள்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாருக்கும் ஆக்ஸிஜன் வைங்க சிஸ்டர். உடனே கீழே அனுப்புங்க. ஆஸ்பத்திரியில மாற்று மருந்து எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் நின்றது. இன்னொன்று ஆலத்தூர் நாட்டுப் பக்கமிருந்து வரவேண்டும். முதல் வண்டியில் படுத்துக்கொண்டு ஒருவர், உட்கார்ந்துகொண்டு ஒருவர் போகலாம்.

யாரை ஏற்றுவது?

கல்லூரிப் பெண் கட்டிலில் புரண்டு கத்திக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பதி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ராஜசேகர் மட்டும் சுவரில் சாய்ந்து பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

"நான் கடைசியா வாரேனுங்க. பொம்பளப் புள்ளைகளை மொதல்ல அனுப்புங்க" என்றார்.

அவர் குரல் குழறியது. "உங்க ஊட்டுக்காரம்மா பேரு என்னங்க?" என்று கேட்டேன். யோசித்தார். உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் "மேகலா" என்றார். சொன்னதும், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலச் சிரித்தார்.

"இவரை ஏத்துங்க" என்றேன்.

என்னோடு இருந்த செவிலியர் என் கையைப் பிடித்தார். "அக்கா, அந்தப் புள்ள எப்படித் துடிக்குது பாருங்க. இவரு நல்லாத்தான உக்காந்திருக்காரு."

"துடிக்கறவளுக்குத் துடிக்கத் தெம்பிருக்கு சாமி. இவருகிட்ட அதுகூட இல்ல."

அந்த ஒரு முடிவைப் பற்றி இன்றுவரை எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அமைதியாக இருக்கிற நோயாளியிடம் முதலில் போங்கள். வலியைக் காட்டாமல் இருக்க யாரிடமாவது கற்றுக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த நாவலில் நாயகன் எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவான், கடைசியாகத்தான் ஆற்றைக் கடப்பான் என்பது பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது.

மற்ற மூன்று பேரையும் அந்தச் செவிலியரிடம் விட்டுவிட்டு நான் வண்டியில் ஏறினேன். உட்கார்ந்து வரக்கூடியவர் என்று எழுத்தாளரை ஏற்றிக்கொண்டோம். பவித்ரா அங்கேயே இருந்துவிட்டாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் மழைத் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடியது. அங்கங்கே கல் சரிந்து கிடந்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை விடாமல் அடித்து இறக்கினார். ராஜசேகர் முகத்தில் மாஸ்க்கை நான் பிடித்தபடி இருந்தேன். பாதி வழியில் அவர் அதை விலக்கினார். எழுத்தாளரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"சார், பத்தாவது அத்தியாயத்துல அவனுக்கும் இப்பிடித்தானுங்களே தலை சுத்தும்?"

"ஆமா."

"பொறவு காத்தால எந்திரிச்சா சரியாயிருமில்லீங்க?"

எழுத்தாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. தான் எழுதியது உண்மைதானா என்று அவர் என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

"சரியாயிடும், ராஜசேகர்" என்றார்.

ராஜசேகர் தலையாட்டிவிட்டு மாஸ்க்கை அவரே வைத்துக்கொண்டார். வளைவுகள் முடிந்து சமதளம் வருவதற்குள் அவருக்கு வலிப்பு வந்தது. மறுபடி வந்தது. அதன் பிறகு மூச்சில்லை. காளப்பநாயக்கன்பட்டி கடைவீதியைத் தாண்டும்போது நான் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற என் ஊர்ச் சனங்கள் குடைக்குள்ளிருந்து வண்டியைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மருந்தோடு காத்திருந்தார்கள். எவ்வளவோ முயன்றார்கள். அவர் திரும்பவில்லை.

பின்னால் வந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். எழுத்தாளருக்கும் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பச்சைக் கிழங்கைத் திங்கலாம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான் சென்னையில பொறந்து வளர்ந்தவன், சிஸ்டர். வேகாத கிழங்கை நாக்குல வெச்சதே இன்னைக்குத்தான். கதையில அந்த இடத்துல, மலையில மாட்டிக்கிட்டவங்களைக் கொல்ல ஆளுங்க தேடி வந்துட்டிருப்பாங்க. அடுப்பு பத்தவெச்சா புகை காட்டிக்கொடுத்துடும். அதனால நெருப்பில்லாம சாப்பிட வைக்க வேண்டியிருந்துச்சு. கதைக்கு அது தேவைப்பட்டுது."

கதைக்குத் தேவைப்பட்டது. என் மனசிலிருந்த இன்னொன்றையும் கேட்டேன். "அந்தப் பொண்ணு பவித்ரா மட்டும் ஏன் குடிக்கல?"

"அதுவும் நாவல்ல வரும். புதுசா எதையாவது சாப்பிட்டா கூட்டத்துல ஒருத்தர் மட்டும் சாப்பிடாம காவல் இருக்கணும். சீட்டு எடுத்தோம். அவளுக்கு விழுந்துச்சு."

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். அவளும் குடித்திருந்தால் அந்தத் தோட்டத்துக் கூடாரத்தில் ஆறு பேரும் கிடந்திருப்பார்கள். மழைக்குள் ஓடிப் போய் வண்டி பிடித்தவள் அவள். என்ன குடித்தார்கள், எங்கே பிடுங்கினார்கள் என்று தெளிவாகச் சொன்னவளும் அவள்தான்.

"அதை எங்க படிச்சீங்க? யாராவது டாக்டர் சொன்னாங்களா?" என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். "இல்ல சிஸ்டர். அதுவும் நானா எழுதினதுதான். எல்லாரும் மயங்கிட்டா நடந்ததைச் சொல்றதுக்கு ஆள் வேணுமே. அதுக்காக ஒருத்தனை விழிச்சிருக்க வெச்சேன்."

அன்றைக்கு எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனாலும் என்னை உலுக்கிப் போட்டது அந்தப் பதில்தான். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே ஆள் கற்பனை செய்த இரண்டு விஷயங்கள். ஒன்று ஒரு மனிதனைக் கொன்றது. இன்னொன்று மற்றவர்களைக் காப்பாற்றியது. எது கொல்லும், எது காக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. படித்தவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி நம்பினார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி நன்றாக எழுதப்பட்டிருந்தன.

போலீஸ் விசாரணை நடந்தது, வழக்கும் நடந்தது. கடைகளில் இருந்த பிரதிகளை எழுத்தாளரே திரும்ப எடுத்துக்கொண்டார். ராஜசேகரின் மனைவி மேகலா என்னோடு அவ்வப்போது ஃபோனில் பேசுவார். தன் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் எழுத்தாளர் நாவலைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். டாக்டர் படித்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்றார். நானும் படித்தேன். எந்தக் கிழங்கை எப்படி வேக வைப்பது, தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முன்பு அந்த மலையில் நடமாடிய ஆட்களைக் காணோம். பெயர் இருந்தது, வாய் இருந்தது. வாயைத் திறந்தால் நம் வார்டில் ஒட்டியிருக்கும் போஸ்டர் மாதிரி பேசினார்கள். ஒரு தடவைக்கு நாலு பக்கத்துக்கு மேல் எனக்கு ஓடவில்லை. எழுத்தாளரிடம் அப்படியே சொன்னேன்.

"தெரியும் சிஸ்டர். எனக்கே படிக்க முடியல. ஆனா இனிமே தைரியமா ஒரு வரி எழுத எனக்குக் கை வரல" என்றார்.

ஒரு பிரதியை மேகலாவுக்கும் அனுப்பியிருந்தார். அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. "அந்த ஆளை எம்பட ஊட்டுக்குள்ள விடமாட்டேனுங்க. உங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. அங்க வெச்சுப் பேசிக்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். மேகலா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. திருத்திய நாவலின் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல எம்பட ஊட்டுக்காரரு எங்கீங்க?"

எழுத்தாளர் மெல்லச் சொன்னார். "அவரை எழுதறது நியாயம் இல்லைன்னு நினைச்சேங்க. உங்க மனசு புண்படும்னு..."

"புண்பட இன்னும் என்னங்க இருக்குது? கடையைச் சாத்திட்டு வந்தா உங்க கதையைத்தானுங்க எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. கத்தியை எப்படிப் புடிக்கறது, கயித்தை எப்படிக் கட்டறதுன்னு வர்ற எடத்துலயெல்லாம் நான் தூங்கிப் போயிருவேன். பொறவு அந்த ஆளுக என்ன ஆனாங்கன்னு மட்டும் கேப்பேன். எல்லாருக்கும் அதுதானுங்க மனசுல நிக்கும். இப்ப நீங்க எழுதிருக்கறதை எவன் படிப்பான்? அந்தக் கெழங்கைக் குடிச்சா செத்துருவாங்கன்னு எழுதிருக்கீங்க. யாருங்க செத்தது? அவரை எழுதுங்க. பேரோட எழுதுங்க. கட்டின பொண்டாட்டி பேரு மறந்து போயி உக்காந்திருந்தாரே, அதை எழுதுங்க. வண்டியில வெச்சு உங்களைக் கேட்டாரே, அதையும் எழுதுங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னும் எழுதுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "எழுதட்டும் மேகலா. ஆனா அந்தக் கசப்பைப் பத்தின வரியை மட்டும் எடுத்துறச் சொல்லணும். அதுதான் எல்லாத்துக்கும் காரணம்."

"வேண்டாமுங்க" என்றார் மேகலா. "அது இருக்கோணும். அதை நம்பித்தானுங்களே குடிச்சாரு. அது இல்லீன்னா, அவரு ஏதோ கூறுகெட்டுப் போயிக் குடிச்சாருன்னு நெனைச்சுக்குவாங்க. படிக்கறவங்களுக்கும் அது நல்லாத்தான் இருக்கட்டும். அவருக்கு நல்லா இருந்த மாதிரியே. அடுத்த பக்கத்துல அவரு என்ன ஆனாருன்னு இருக்கட்டும்."

மேகலா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

கேள்வி கேட்ட பெண்ணே, அன்றைக்கு உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கதை படித்தவர்கள் உன் வார்டுக்கு வருவார்கள். ஃபோனில் வீடியோ பார்த்தவர்களும் வருவார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதே. அதைச் சாப்பிடலாம் என்று எங்கே தெரிந்துகொண்டார்கள் என்றும் கேள். கேட்டுவிட்டுச் சிரிக்காதே, திட்டாதே. சிரித்தால் மிச்சத்தைச் சொல்லமாட்டார்கள். கதையிலிருந்து கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். எதை நம்பலாம் என்று மட்டும் அதற்கே தெரியாது. அதை வெளியே போய் யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எழுத்தாளர் அந்த அத்தியாயத்தை எழுதி முடிக்க வெகுநாள் பிடித்தது. புத்தகம் வந்ததும் முதல் பிரதி ராசிபுரத்துக்குப் போனது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. கசப்பைப் பற்றிய வரி பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. படிக்கும்போது இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. அங்கே நிறுத்தாமல், ராஜசேகர் இருக்கும் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன்.